வலமிருந்து திறக்கும் ஆல்பம்

14 ஒக்டோபர் 2006, சனி

லண்டனுக்குள்ளேயே ஹவுன்ஸ்லோவிலிருந்து ஹரோவுக்குப் போக இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். அக்டன் டவுனில் ஒன்று, ரெய்னர்ஸ் லேனில் ஒன்று. இரண்டிலும் காக்க வைத்தார்கள். கமரா, ஸ்டாண்ட், இரண்டு விளக்கு. தோள் கழன்றுவிட்டது. இனிமேல் வீடு தேடிப் போய்ப் படம் எடுக்கும் வேலை வேண்டாம்.

கேட்டவர் கோபாலன். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சிவில் இன்ஜினியர், இப்போது ஓய்வில் இருக்கிறார். பழைய ஜப்பானிய ஓவிய ஆல்பம் ஒன்றைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட வேண்டும், ஆனால் ஆல்பம் வீட்டை விட்டு வெளியே வராது என்றார். நான் வேலை செய்யும் ஸ்டூடியோ முடியாது என்றது. நான் சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அப்படி ஒன்றை நான் கையால் தொட்டதில்லை. வேறு காரணம் இல்லை.

நல்ல பொருள். தையல் கிடையாது. தடித்த தாள்களை ஒட்டி, விசிறி மாதிரி மடித்து, இரண்டு பக்கமும் நீலப் பட்டு அட்டை. பன்னிரண்டு படங்கள். முதலில் கறுப்பு மைக்கோடு, அதற்கு மேல் தண்ணீர் வர்ணம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிசாக. வைத்த கோட்டை வரைந்தவர் எங்கும் திருத்தவில்லை. மையில் திருத்தவும் முடியாது. எனக்குப் பிடித்த ஒழுங்கு.

கோபாலன் பக்கம் பக்கமாக விரித்துக் கதை சொன்னார். ஒரு வெறும் அறை, சுருட்டி வைத்த படுக்கை, ஜன்னலுக்கு வெளியே மொட்டை மரம். அடுத்ததில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். மருந்துக் கோப்பை. பிறகு எழுந்து உட்காருகிறாள். கடைசியில் அதே மரத்தின் கீழ் நின்று தலை வாருகிறாள், மரம் முழுக்கப் பச்சை இலை. "நல்லாயிட்டா பாத்தியா!" என்றார், ஏதோ தானே குணப்படுத்தியது போல. கலியாணமான வருஷம் போர்ட்டபெல்லோ சந்தையில் வாங்கியதாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இதைத்தான் விரித்துக் காட்டுவார்களாம்.

மேலே அவருடைய மனைவி எமில்டா. கட்டிலில் இருக்கிறார், ஆல்பத்தைப் பிடிக்கக் கையில் பலமில்லை. அதனால்தான் சுவருக்குப் பெரிய அச்சு. யாழ்ப்பாணத்து இளவாலைக்காரி. நான் கோண்டாவில் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்லை அன்ரி."

"உந்தக் கமராவைத்தான் கட்டப்போறீரோ?"

இறங்கும்போது கோபாலன் படியில் என் கையைப் பிடித்தார். எமில்டாவுக்குப் புற்றுநோய், ஈரல்வரை போய்விட்டது, கிறிஸ்மஸைத் தாண்ட மாட்டார். டாக்டர் விளக்கம் சொல்ல வந்தபோது, "எல்லாத்தையும் இவரிட்ட சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம்" என்றுவிட்டாராம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. குடல்ல புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். வாய விட்டுடாத."

நான் எதற்கு வாயை விடப்போகிறேன்.

16 ஒக்டோபர், திங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் நிறம் சரிபார்க்கிறவள் யூக்கோ. என் திரையை எட்டிப் பார்த்தாள். ஒரே நிமிஷம். "எல்லா நம்பரையும் தலைகீழாய்ப் போட்டிருக்கிறாய்" என்றாள்.

ஜப்பானிய ஆல்பம் வலப்பக்கமிருந்து திறக்கும். தலைப்புத் துண்டு ஒட்டிய அட்டைதான் முன்னட்டை. நாங்கள் அதைப் பின்னட்டை என்று நினைத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தோம். வெறும் அறைப் படத்தின் மூலையில் இருக்கிற எழுத்தும் சிவப்பு முத்திரையும் வரைந்து முடித்த நாளைச் சொல்கின்றன: தைஷோ ஐந்தாம் ஆண்டு, மார்கழி. அதாவது 1916.

வெறும் அறைதான் கடைசிப் படம்.

17 ஒக்டோபர்

மரத்தைப் பார்த்தேன். பேர்சிமன் மரம், தக்காளி போன்ற பழம். எங்கள் வரிசையில் முதலில் மொட்டையாக நிற்கிறது, பிறகு செம்மஞ்சள் பழம், பிறகு பச்சைக் காய். எந்த மரத்தில் பழம் காயாகும்? பன்னிரண்டு படத்தையும் ஒவ்வொன்றாய் நிறம் திருத்தியவன் நான். எனக்கே கண் தெரியவில்லை.

21 ஒக்டோபர், சனி

குசினியில், அடுப்பருகே வைத்துக் கோபாலனிடம் சொன்னேன். அச்சுக்குப் போகும் முன்னால் வரிசையை மாற்ற வேண்டும், இதுதான் காரணம், முத்திரை, தலைப்பு, மரம். அறிக்கை வாசிப்பது போல வாசித்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"உன்ன யாரு கேட்டா?"

"பிழை எண்டா பிழைதானே அங்கிள்."

"முப்பது வருஷத்துக்கு மேல இப்படித்தான்லா பாக்கறோம். எங்க வீட்டுல அவ எழுந்து நிப்பா. புரியுதா இன்ஜினியர் சார்? நம்பர் போடாத. நான் சொல்ற மாதிரி மாட்டு."

இன்ஜினியர் அவர்தான். நான் டிப்ளோமா. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மனிதன் பாலம் கட்டியிருக்கிறார், ஆனால் எந்தப் பக்கம் தொடக்கம் என்று சொன்னால் கேட்க மாட்டார்.

ரயிலில்தான் விளங்கியது, அவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று. என் வரிசையில் அந்தப் பெண் பிழைப்பதில்லை. எனக்கு எல்லாம் ரயிலில்தான் விளங்கும்.

28 ஒக்டோபர், சனி

அவர் சொன்னபடியே மாட்டினேன். கட்டிலுக்கு நேரே, இடமிருந்து வலம், பன்னிரண்டும். நன்றாக வந்திருக்கின்றன. மை தாளுக்குள் ஊறிப் பரவிய விளிம்புகூடத் தெரிகிறது.

எமில்டா அன்ரி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கணவரைப் பேக்கரிக்குப் பாண் வாங்க அனுப்பினார். அன்ரி பாண் சாப்பிடுவதில்லை, கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். கோபாலன் போன கதவுச் சத்தம் கேட்டதும்:

"போன கிழமை கீழ சத்தம் கேட்டுது. வரிசை பிழை எண்டு சொன்னீரோ?"

நான் மீதி ஆணிகளைப் பொறுக்கினேன்.

"எனக்குத் தெரியும். வாங்கின வருஷமே தெரியும். பழம் போய்க் காயாகுமோ? அவருக்கு மரம் செடி ஒண்டும் தெரியாது. ஆசையாக் கதை சொல்லுறார், சொல்லட்டுமன் எண்டு விட்டிட்டன்."

வாய் சும்மா இருக்காதே. "அப்ப டாக்டரிட்ட ஏன் வேண்டாம் எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்ச விசயத்தை இன்னொருக்கா ஏன் கேக்கவேணும்? எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் இவர் உடைஞ்சு போவார்."

பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது. அன்ரி கத்தோலிக்கர். பதிவுக் கலியாணம் செய்ததோடு வீட்டார் கைவிட்டார்கள், மாதா கோயிலும் விட்டுப்போனது. கோபாலனோ சைவர், அவருடைய குடும்பத்தில் எரிப்பதுதான் முறை. "எனக்கு நெருப்பெண்டால் பயம் தம்பி. என்னைப் புதைக்கவேணும், மண்ணிலை. அதுக்கு முன்னம் ஒரு ஃபாதர் வரவேணும். இதை இவரிட்டக் கேட்டால் எனக்கு எல்லாம் தெரியும் எண்டு வந்திடும். நான் போனாப் பிறகு நீர் சொல்லும்."

"போனாப் பிறகு ஃபாதர் வந்து என்ன செய்யிறது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இப்போது சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

30 ஒக்டோபர்

எனக்கு ஏன் இது? படம் எடுக்கப் போனவன் நான். கீழே ஒருவர் சொல்லாதே என்கிறார். மேலே ஒருவர் இப்போது சொல்லாதே என்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்களாம்.

இதில் யார் காப்பாற்றப்படுகிறார்கள்? ஒருத்தருமில்லை!

2 நவம்பர்

ஒரு குளறுபடி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் தொடாமல் விட என்னால் ஏலாது. அது கெட்டித்தனம் இல்லை, பழக்கம். ஆனால் ஒரு விளக்கைச் சரிசெய்யப் போய் வீட்டின் மின்சாரத்தையே போக்கியவனும் நான்தான்.

4 நவம்பர், சனி

சொல்லிவிட்டேன்.

கோபாலன் குசினித் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அங்கிள், அன்ரிக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஆல்பம் எந்தப் பக்கம் திறக்கும் எண்டதும் தெரியும். உங்களிட்ட ஒண்டு கேக்கவேணுமாம், நீங்கள் உடைஞ்சு போவீங்கள் எண்டு கேக்காமல் கிடக்கிறா. என்ன எண்டு நான் சொல்ல மாட்டன். நீங்கள் போய்க் கேளுங்கோ. அவ இருக்கேக்கை கேளுங்கோ."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பினார். எழுபதை நெருங்கிய ஆளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நினைக்கவில்லை. "நேத்து வந்த பையன் நீ! என் பொண்டாட்டியப் பத்தி எனக்குச் சொல்றியா? வெளிய போடா!"

போனேன். விளக்கு ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டேன். மேலே ஜன்னல் திரை அசைந்ததோ – அன்ரிக்குக் கேட்டிருக்கும். நிச்சயம் கேட்டிருக்கும். பகுதியைத்தான் சொன்னேன், மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். வாக்கு வாக்குத்தானே. உடைத்துவிட்டேன். நான் செய்தது சரியோ? சரியெண்டால் ஏன் சாப்பாடு இறங்குதில்லை?

12 நவம்பர்

போன் இல்லை. நானும் எடுக்கவில்லை.

15 நவம்பர்

கணினியில் பன்னிரண்டாவது படத்தைத் திறந்தேன், வெறும் அறை. வேலைக்காக இல்லை. சுருட்டிய படுக்கையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார் அந்த மனிதர். மற்றப் படங்களில் அவள் இருந்ததால் அறையைச் சும்மா இரண்டு கோட்டில் விட்டிருக்கிறார். இதில் மட்டும் பாயின் நெசவுகூட இருக்கிறது. யூக்கோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

18 நவம்பர், சனி

காலை போன் வந்தது. "ஸ்டாண்ட எடுத்துட்டுப் போகலியே, இது என்ன குடோனா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் தெரியாத கார். கோபாலன் கதவைத் திறந்தார். சவரம் செய்திருக்கிறார். கண்தான் வீங்கிக் கிடக்கிறது. குசினிக்குள் கூட்டிப்போனார். மேலே ஆண் குரல் ஒன்று இங்கிலிஷில் ஏதோ சொல்ல, எமில்டா அன்ரி தமிழில் பதில் சொல்வது கேட்டது. பேச்சு இல்லை, செபம்.

"அன்னிக்கு ராத்திரியே கேட்டேன்" என்றார், கெட்டிலைப் பார்த்துக்கொண்டு. "விடிய விடியப் பேசினோம். திட்டினா என்னை. எத்தன வருஷமா கதைய மாத்திச் சொல்றேன்னு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நேத்து கவுன்சிலுக்குப் போயிட்டு வந்தேன். கல்லறையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இடம் இருக்குன்னாங்க. எழுதிட்டு வந்தேன்."

"ரெண்டோ அங்கிள்? உங்கட ஆக்கள் எரிக்கிறதுதானே?"

"நான் மட்டும் தனியா எங்க போறது?"

கெட்டில் கொதித்தது, நான் அணைத்தேன்.

அவர் தட்டில் கோப்பைகளை அடுக்கினார். "ஃபாதருங்ககிட்ட எப்படிப் பேசணும்னே எனக்குத் தெரியாதுலா. டீக்குச் சீனி போடுவாரா மாட்டாரா? நீ போய்க் கேட்டுட்டு வா."

செபம் முடியும்வரை படியில் நின்றேன். காத்திருந்தேன், கோபம் வரவில்லை. பிறகு கதவைத் தட்டிக் கேட்டேன்.

இரண்டு கரண்டி.