விட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர்

அரிசி ஆலையில் இன்றைக்கு நெல் அவிக்கிறார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக என் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தியிருப்பாய். நான் புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்திருப்பேன். ஒரு ஜன்னலுக்காக எத்தனை சண்டை போட்டிருப்போம், சொல். இன்று சண்டைக்கு ஆளில்லாமல் அது பாட்டுக்குத் திறந்து கிடக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ நம் ஆரணிப் பட்டுக்கடைகளுக்குப் புடவை டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்புகிற வேலை. நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு ப்ரோகிராம் எழுதுகிறவள். சிநேகிதிகள் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்யலாம் என்றது நீதான். நடுவில் ஓர் ஆறு, இரு கரையிலும் ஒவ்வொரு கோட்டை. ஆடுகிறவர் ஒரு முறை நகர்த்தினால் கம்ப்யூட்டர் ஒரு முறை நகர்த்தும். எதிரி கோட்டைக்குள் முதலில் நுழைகிறவருக்கு வெற்றி. வரைபடம் உன்னுடையது, கம்ப்யூட்டரின் மூளை என்னுடையது.

படைகளுக்குப் பலம் வைப்பதில் நீ ராட்சசி. வில்லாளி நான்கு கட்டம் தள்ளி அடித்தால் குதிரைப்படையை யார் சீந்துவார்கள் என்று மூன்றாகக் குறைக்க வைத்தாய். குறைத்த மறுநாளே வில்லாளி பாவம், அவனைக் கொஞ்சம் வேகமாக நடக்கவிடு என்றாய். ஒருவன் ஏறினால் இன்னொருவன் இறங்கக்கூடாது, அவ்வளவுதான் உன் கணக்கு. அந்த ஒரு வில்லாளிக்காக எனக்கு ஒரு மாதம் போனது.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் வேலூருக்குப் பஸ் ஏறினோம். டயாலிசிஸ் ஊசி ஏறிய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுத்திருப்பாய். மற்றொரு கையில் போன், போனில் நம் விளையாட்டு. தோற்றுக்கொண்டே இருந்தாய். ஏற்கனவே வாடிப்போன முகம் ஒவ்வொரு தோல்விக்கும் இன்னும் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் போனில் இருந்த கம்ப்யூட்டரின் கையை மட்டும் கட்டிப்போட்டேன். உன் கோட்டை காவலில்லாமல் கிடந்தாலும், வாசல்வரை வந்துவிட்டு அது திரும்பிப் போய்விடும். அந்த வாரமே நான்கு ஆட்டம் ஜெயித்து, நர்ஸிடமெல்லாம் பீற்றிக்கொண்டாய். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், மடச்சி.

டிசைன்காரியின் கண்ணை மறந்துவிட்டேன். ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு புடவை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடிப்பதுதானே உன் பிழைப்பு. ஐந்தாவது ஆட்டத்தில் வேண்டுமென்றே கோட்டையைக் காலியாக விட்டாய். எதிரி வந்தான், திரும்பினான். மறுபடி விட்டாய். அதே கட்டத்தில் திரும்பினான். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாய்.

"நோவு எனக்குத்தானே? கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்குடி நோவு வந்துச்சு?"

போனை நிமிர்த்தப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"எல்லாரும் என்னப் பாத்தாலே கொரலத் தாழ்த்திகினு பேசறாங்க. இது ஒண்ணுதான் எங்கூட நெஜமா சண்ட போட்டுகினு இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டியே."

இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. வேலூருக்கு உன் தம்பிதான் கூட வந்தான். நான் கட்டை அவிழ்த்து, பழையபடி ஆக்கி உன் போனுக்கு அனுப்பினேன். நீ மறுபடி தோற்றாய், மறுபடி திட்டினாய், பேச்சும் வந்தது. அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

அப்புறம் அந்தப் புதன்கிழமை. ஒற்றைப் படகுக்காரனை நடு ஆற்றில் தனியாக விட்டாய். தனியாகச் சிக்குகிறவனை முதலில் அடி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது நான்தான். அது காவலை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடியது. உன் குதிரைப்படை காலிக் கோட்டைக்குள் நுழைந்தது. அப்படி ஒரு ஓட்டை இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. நீ திரையைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"சத்தியமா விட்டுக்குடுக்கலயே?"

அம்மாமேல் சத்தியம் செய்தேன். "சரி வுடு" என்றாய். அந்த "சரி வுடு" எனக்குத் தெரியும். சாயம் போகாது என்று சத்தியம் செய்கிற கடைக்காரரிடம் நீ சொல்வது அது. அன்றைக்கு நர்ஸிடம் நீ எதுவும் சொல்லவில்லை. நான் ஒரு தடவை பொய்யாய்க் கொடுத்த வெற்றி, நீ நிஜமாய் ஜெயித்ததையும் தின்றுவிட்டது. எழுதிய ப்ரோகிராமைத் திறந்து வரி வரியாகக் காட்டி நம்பவைத்திருக்கலாம். அடுத்த வாரம் காட்டலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். அந்தக் குற்றவுணர்வு இன்னும் நெஞ்சில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் நோயாளி யாரைப் பார்க்கப் போனாலும் நான் குரலைத் தாழ்த்துவதில்லை. முள்ளிப்பட்டில் படுத்திருக்கிற சித்தப்பாவோடு போன வாரம் அரசியல் பேசிச் சண்டையே வந்துவிட்டது. மனுஷர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். சித்தி என்னை முறைத்தாள். உன்னை நினைத்துக்கொண்டேன்.

நம் விளையாட்டை இப்போது எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆடுகிறார்கள். நேற்று முகம் தெரியாத ஒருவர் காரசாரமாக எழுதியிருந்தார். படகுக்காரனை நடு ஆற்றில் விட்டால் உங்கள் கம்ப்யூட்டர் கோட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறது, இதெல்லாம் ஓர் எதிரியா என்று. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். அந்த ஆளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கென்ன தலையெழுத்து? இதைவிட நல்ல சாட்சி உனக்கு எங்கே கிடைக்கும்? காட்டத்தான் நீ இல்லை.

அந்த ஓட்டையை உன் ஞாபகமாக அப்படியே விட்டுவைக்கத் தோன்றியது. விட்டால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். இன்று காலை அடைத்துவிட்டேன். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் என்ன மாற்றினோம் என்று ஆடுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் போடுவோமே, அதில் இப்படி எழுதினேன்: "படகுக்காரனைக் காட்டிக் கோட்டையைப் பிடிக்கிற வழி அடைக்கப்பட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவர் ஆரணிக்காரர். அவர் ஜெயித்த ஆட்டம் செல்லும்."