மாலை போட்ட போட்டோவில் உன் கை

முதலில் பிள்ளைகள் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய். மகள் வீட்டுப் பேத்தி நர்சிங் முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். பெரிய பேரன் மாதனூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். தோழிகள் நாம் இருவரும் காலமெல்லாம் நின்றுகொண்டே போன கம்பெனி பஸ்ஸில் அவனுக்கு முன் சீட்டு. சின்னவன் சினிமாவில் நடித்துவிட்டான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போஸ்டரில் இவ்வளவு பெரிய முகம். கொலைகாரனாக.

அந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்போதுதான் மறுபடி எடுக்கிறேன்.

மடியில் சின்னவனுடைய போட்டோ இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் எடுத்தது. கண்ணாடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் இன்னும் மணக்கிறது. அந்த மணம் வந்தாலே எனக்கு ஒன்றும் புரிவதில்லை. சினிமாவில் புரியாததை உன்னிடம் கேட்டுத்தானே எனக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்கு நாம் போவோமே, நினைவிருக்கிறதா? திரையில் யாராவது வெட்டுப்பட்டால் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். நீ என் கையைப் பிடித்து இழுப்பாய். "சாயம் தோஸ்த், சாயம்! தோலு ஊறுற டேனரி டிரம்முல பாக்காத சாயமா?" என்பாய். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஆனால் வில்லன் செத்தால் உனக்குத்தான் கண் கலங்கும்.

போன வருஷம் சின்னவன் சென்னையிலிருந்து வந்தான். "ஆயா, செவுத்துல இருக்கிற என் சின்ன வயசு போட்டோ குடு. ஷூட்டிங்குக்கு வேணும்" என்றான். எனக்கு ஒரே பெருமை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "நல்லா தெரியுற மாதிரி மாட்டச் சொல்லுடா" என்று வேறு சொன்னேன். அந்தப் பாவத்தையும் நானே செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து பேப்பரில் சுற்றித் திருப்பி அனுப்பினான். பிரித்தால் நெற்றியில் சந்தனம், குங்குமம், சட்டத்தின் இடுக்கில் ஒரு காய்ந்த சாமந்தி இதழ். படத்துக்குப் பூஜை போடுவார்களாமே, அதில் என் பேரன் போட்டோவையும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துடைக்க மனசு வரவில்லை. அப்படியே ஆணியில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

படம் வந்ததும் மருமகளோடு போனேன். அவள்தான் சின்னவனைப் பெற்றவள். கதை இதுதான்: பிளஸ் டூ படிக்கிற மூன்று பையன்கள் ஊரில் ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. முதலில் கோபம் மாதிரி இருந்தது, பிறகு விளையாட்டு மாதிரி இருந்தது. காலையில் என் பேரன் யூனிபார்ம் போட்டு டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறான், சாயங்காலம் குழாயடியில் கத்தி கழுவுகிறான். சாயம், சாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாம் தைத்த செர்ரி கலர் தோலின் நிறம் அப்படியே இருந்தது. என்றாலும் கழுவுவது நான் சோறு ஊட்டிய கை ஆயிற்றே.

பின் சீட்டில் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். திரும்பி, "அவன் என் பேரன்டா" என்றேன்.

"யாரு ஆயா? போலீசா?"

"இல்லடா. குத்துறானே, அவன்."

"செம்மயா குத்துறான் ஆயா! உன் கிட்ட கத்துக்கினானா?"

அதற்குச் சிரிப்பதா, அடிப்பதா? சிரித்துத் தொலைத்தேன்.

அவர்களைத் தேடுகிற இன்ஸ்பெக்டர் பாவம். தூங்குவதே இல்லை. மாத்திரை போடுகிறார், தனியாகப் பேசுகிறார். பெற்ற பிள்ளை செத்துப்போய்விட்டதாம். ஒரு காட்சியில் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து அழுகிறார். அந்தச் சுவரில் என் சின்னவன் போட்டோ! மாலை போட்டு, பொட்டு வைத்து, கீழே சின்ன லைட்டு எரிகிறது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏய், மாலைய எடுங்கடா! என் புள்ள உயிரோட இருக்குதுடா!" என்று கத்தினேன். தியேட்டர் முழுக்கத் திரும்பியது. மருமகள், "அத்த, உக்காருங்க அத்த, சினிமா" என்று இழுத்தாள். நான் உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போட்டோவைக் கழற்றினேன். இத்தனை மாதம் உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவன் மாதிரி நானே சுவரில் மாட்டி வைத்திருந்தேனே!

எனக்குப் புரியாதது இதுதான். அவன் கொன்றவனா, செத்தவனா? ஒரே முகம் எப்படி இரண்டாகவும் இருக்கும்?

அன்று முதல் சின்னவன் தினமும் போன் செய்தான். "படம் எப்படி ஆயா?" என்றால், "சிக்னல் இல்லடா" என்று வைத்துவிட்டேன். நல்லா இருந்தது என்றால் குத்தினது நல்லா இருந்தது என்று ஆகாதா? நல்லா இல்லை என்றால் பிள்ளை வாடிவிடுவான். நான்காம் நாள் மருமகளிடம், "ஆயா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்களா?" என்று கேட்டு அழுதானாம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. நானே போன் போட்டேன்.

"பயமா இருந்துச்சுடா" என்றேன்.

"அய்யோ ஆயா, அது போதும் எனக்கு!" என்று குதிக்கிறான். பாட்டி பயந்தால் பேரனுக்கு இன்னா சந்தோஷம்? நீதான் சொல்ல வேண்டும்.

"சரி, உன் போட்டோவுக்கு ஏன்டா மாலை?"

"அந்த இன்ஸ்பெக்டருக்கு என்னப் பாத்தா செத்துப்போன பையன் ஞாபகம் வருது ஆயா. அதான் சுட முடியல. கடைசி சீன் பாக்கலியா நீ?"

"நான் எங்கடா பாத்தேன்? எழுந்து வந்துட்டேன்."

"அய்யோ! கடைசியில அவர் மாலையக் கழட்டுவாரு. அப்ப போட்டோ முழுசா தெரியும். தோள் மேல வளையல் ஆயா கை! அவங்களும் சினிமால வரட்டும்னுதான் அந்தப் போட்டோவையே கேட்டேன்."

வளையல் ஆயா. உன்னை அவன் அப்படித்தானே கூப்பிடுவான்.

போனை வைத்துவிட்டுப் போட்டோவைப் பார்த்தேன். அவன் தோளில் நாலு விரலும், ஓரத்தில் பச்சைக் கண்ணாடி வளையலும். ஸ்டூடியோவில் அவன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நீ பக்கத்தில் நின்று தோளை அழுத்திப் பிடித்தாய். போட்டோக்காரர், "அம்மா, உங்க கை விழுது" என்றார். "விழட்டும் பாய். கைய எடுத்தா புள்ள ஓடிடும்" என்றாய். தினமும் பார்க்கிற போட்டோ. ஆனால் நீ போன பிறகு ஒரு நாளும் அந்தக் கையைப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

மாலை அவனுக்குப் போட்டார்கள். அந்தப் போட்டோவில் நிஜமாகவே போய்விட்டவள் நீ. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. உன் வீட்டில் உன் படம் ஒன்றுகூடக் கிடையாது. "எங்க வூட்ல மாட்ட மாட்டோம் தோஸ்த். அல்லா கிட்ட போனவங்கள ஆணியில எதுக்குத் தொங்க வுடணும்?" என்று நீயே கேட்டிருக்கிறாய்.

இப்போதுதான் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டேன். குங்குமம் இன்னும் லேசாகத் தெரிகிறது. போட்டோவைப் பழைய ஆணியிலேயே மாட்டப்போகிறேன். பொட்டும் பூவும் கிடையாது. கோபித்துக்கொள்ளாதே, உன் கை மட்டும்தானே. அது அவன் தோளிலேயே இருக்கட்டும். மெட்ராஸில் தனியாக இருக்கிற பிள்ளை, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் சொல்லிவிட்டேன்: "போன்ல அனுப்பாதே. முகம் கழுவி, தலை வாரி, சிரிச்ச மாதிரி ஒரு புது போட்டோ எடுத்துத் தபால்ல போடுடா."