போரிங் பார் வெளியே வரும் வழி

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. முட்டுவலி. மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் பெரிய சத்தம். மகன் ஸ்ரீகுமாரின் கம்ப்யூட்டர் லேத்தில் இன்னொரு புஷ் போயிற்று. விழிஞ்ஞம் நேசையனின் மீன்பிடிப் படகுக்குப் போட வேண்டிய வெண்கலக் குழாய் அது. மீன்பிடித் தடை இந்த மாசத்தோடு முடிகிறது, அதற்குள் கொடுத்தாக வேண்டும். பேத்தி லிபிதான் கம்ப்யூட்டரில் வெட்டும் வழியை வரைந்து கொடுக்கிறாள். சனிக்கிழமை குழாயின் உட்சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்தது. வெட்டும் முனை மோசமென்று அதை மாற்றினாள். இன்று உள்ளே போய்ச் சீவுகிற போரிங் பாரே ஒடிந்துவிட்டது.

நான் ஐந்தாவது வரை. லிபி என்ஜினியர். எங்கள் வலியசாலையில் அது தெரியாத ஆள் கிடையாது. நான் விட்டால்தானே.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்ரீகுமார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அடுத்ததும் போச்சுன்னா பழைய ஆளு திரவியத்தைத் திரும்ப வேலைக்கு விளிச்சிருவேன். நீ சாலை பஜார்ல ஏதாவது கடையில பில்லு போடப் போ மக்ளே."

"பில்லு போடவாடே எம்பேத்தி படிச்சா?" என்றேன்.

"வெண்கலம் மரத்துலயாம்மா காய்க்குது?"

லிபி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூலை 17, வியாழன்

கர்க்கடக மாசம் பிறந்தது. விளக்கு வைத்தேன். அவ்வளவுதான் தெம்பு.

ஜூலை 18, வெள்ளி

லிபி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் குழாய் சுற்றுகிறது, பார் உள்ளே போகிறது, சீவுகிறது, வருகிறது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அதான் ஆச்சி பிரச்சினை. இதுல சரியா இருக்கு. மெஷின்லதான் இடிக்குது."

வேகத்தைக் குறைத்தாள். ஆழத்தைக் குறைத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"திரவியத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்." என் வாயில் எப்படி வந்ததோ. அவன் முன்பு நம்மிடம் இதே வேலை பார்த்தவன். லிபி படிப்பு முடித்து வந்ததும், "இனி எம்பேத்தி பாத்துக்கிடுவா, நீ உன் சோலியைப் பாரு" என்றது நான்தான்.

"நீ விரட்டுன ஆளை நான் எந்த முகத்தோட விளிக்க?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எத்தனை நாளாக இதை உள்ளே வைத்திருந்தாளோ. நான் அடித்த பெருமை பிள்ளையின் வாயையல்லவா கட்டிப்போட்டிருக்கிறது?

ஜூலை 19, சனி

திரவியத்துக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கவெல்லாம் எனக்கு வராது. "நாளைக்குச் சக்கை எரிசேரி வைக்கேன், வா" என்றேன். பலாக்காய்க் கூட்டு என்றால் உயிரை விடுவான்.

"ஆச்சி விளிச்சா எரிசேரிக்கு மட்டும் இருக்காதே" என்றான். கள்ளன்.

ஜூலை 20, ஞாயிறு

வந்தான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "ஆச்சிக்க கைப்பக்குவம் மாறல்ல. நாக்கும்தான்." கேட்டுக்கொண்டேன்.

பிறகு திரையைப் பார்த்து, "மோதினா சிவப்பு காட்டுமே, ஏன் அணைச்சு வச்சிருக்க?" என்றான்.

"எப்பவும் சிவப்பாவே நின்னுது அண்ணே. தொந்தரவா இருக்குன்னு..." சொல்லி முடிக்கவில்லை, நாற்காலியை முன்னால் இழுத்தாள். டிரில்லால் துளை எடுத்த பிறகுதான் போரிங் பாரை விடுவார்களாம். துளை இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இவள் சொல்லவே இல்லை. அது கெட்டி வெண்கலம் என்று நினைத்து, பார் நுழைந்ததுமே சிவப்பு. துளையைச் சொன்னாள். சிவப்பு போயிற்று. சீவி முடிக்கும் இடத்தில் மட்டும் நின்றது.

வெளிப்பக்கம் சீவுகிற பழைய வழியை நகலெடுத்து அளவை மட்டும் மாற்றியிருக்கிறாள். வெளியே சீவினால் கருவி வெளிப்பக்கமாக விலகலாம். குழாய்க்குள்ளே அந்தப் பக்கம் சுவரல்லவா! நடுவுக்கு விலகித்தானே வெளியே வர வேண்டும்? லிபி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானும் ஒருக்க இதையே செஞ்சேன்" என்றான் திரவியம். "அன்னைக்கு உங்கப்பா பட்டறையில இல்ல. தப்பிச்சேன்."

ஜூலை 22, செவ்வாய்

படுத்தே கிடந்தேன்.

ஜூலை 24, வியாழன்

பட்டறைக்குச் சோறு கொண்டுபோனேன். முடிந்த புஷ் ஒன்று பெஞ்சில் இருந்தது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அடுத்ததை மாட்டியாயிற்று. ஸ்ரீகுமார் பொத்தான்மேல் விரலோடு நிற்கிறான்.

"மக்ளே, ஓட்டட்டா?"

"நில்லுங்கப்பா."

அவள் குனிந்து எதையோ அளந்தாள். அவன் விரலை எடுத்துவிட்டுக் காத்து நின்றான். என் சொல்லுக்குக்கூட அவன் அப்படி நின்றதில்லை.

"சோறு ஆறுது" என்றேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. தூக்குச்சட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.