எட்டு இருந்த இடத்தில் மூன்று

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். எழுத்துக் கற்று ஏழு மாதத்தில் இது என் மூன்றாவது கடிதம், ஒரு வரிக்கு ஒரு வாய்த் தேநீர் என்று நகர்கிறது, ஆனாலும் பேனா என் பேச்சைக் கேட்பதைப் பார்க்க எனக்கே சிரிப்பாக வருகிறது.

நீ சொன்னபடி மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். விமானம் ஓட்டப் படிப்பவர்களுக்குக் கண் பார்க்கும் டாக்டர் உன்னிடம் காட்டினாரே, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம், அது இங்கேயும் இருக்கிறது. அப்பா, நான் முதல் தடவை தவறிவிட்டேன், அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், பக்கம்வாரியாக எண்களை எழுதி அனுப்புங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியதும் அவள் என்னைத் துரத்தாத குறையாக அனுப்பினாள். எண்ணெல்லாம் இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் பக்கம் பன்னிரண்டு, எழுதினேன். அடுத்தது மூன்று, எழுதினேன். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, எட்டைப் போய் மூணுன்னு எழுதுறீங்களே பெரியவரே, எண்ணு இன்னும் சரியா வரலையா என்றார். எனக்கு ரோஷம் வந்து எட்டையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதற்கடுத்த பக்கங்களில் வெறும் புள்ளிதான். அப்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, யாருக்காக எழுதுகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பாவுக்கு இல்லாம பொண்ணுக்கு இந்த நிறம் பிரிச்சுத் தெரியாத குறை வராதே என்றார். பெயின்ட் வேலையில் டப்பா மாறும்போதெல்லாம் மேஸ்திரி திட்டுவார், படிக்கத் தெரியாததால்தான் என்று நானும் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது படிக்கத் தெரிகிறது, எட்டு தெரியவில்லை.

அவர் இரக்கப்பட்டு எல்லா எண்களையும் சொல்ல நான் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று நாளாகத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அனுப்பாவிட்டால், ஒன்பது வயதில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி விமானம் பார்த்தவளை நானே பிடித்துக் கீழே இறக்கிய மாதிரி. அனுப்பினால், தரையிறங்கும்போது ஓடுபாதையில் விளக்கு சிவப்பா வெள்ளையா என்று பார்த்துத்தான் உயரம் தெரியும் என்று நீயே சொன்னாய், அங்கே உனக்கு யார் பார்த்துச் சொல்வது? நான் தப்பாக அடித்த சுவர்களுக்கு மறுநாள் மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டோம். உன் வேலையில் மறுநாள் இல்லை மகளே.

தாளை உறைக்குள் வைக்கவில்லை. புத்தகத்தில் தவறினாலும் விளக்கு வைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டாம், கடைக்காரம்மா சொன்னார், அதில் தேறுகிறவர்களும் இருக்கிறார்களாம், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி அதைக் கேள். அதிலும் தேறவில்லையென்றால் போன் செய்து என்னைத் திட்டு, நடுவில் பேசமாட்டேன். அம்மா கதவருகே நின்று, எழுதியாச்சா, தபால் போயிடும், பிள்ளை காத்துக்கிட்டிருக்கும் என்கிறாள். உறையை ஒட்டிய பிறகுதான் அவளிடம் சொல்வேன், முன்னாலே சொன்னால் தாளைப் பிடுங்கி அவளே உள்ளே வைத்துவிடுவாள்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தக் குறை உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தால், அப்பாவுக்கு என்று எழுது.

இப்படிக்கு,
அந்த அப்பா