பூங்காவில் எடுத்த படம்

அன்புள்ள அக்கா,

நானும் பாப்பாவும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். சுற்றிலும் மலை, நடுவே பழத்தோட்டங்கள், அதற்குள் கைக்கு அடக்கமான ஊர். குழந்தையோடு தங்க இதைவிட நல்ல இடமில்லை என்று நீ சொன்னது உண்மைதான். அதுதான் பயமாக இருக்கிறது. பஸ் டிரைவர் முதல் ரொட்டிக் கடைக்காரர் வரை எல்லோரும், "அப்பா வரலையா பாப்பா?" என்று வாஞ்சையாகக் கேட்கிறார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சிரித்து மழுப்புகிறேன்.

இன்று பூங்காவில் பாப்பா ஊஞ்சலாடியபோது, கேமரா மாட்டிய ஒரு பெண் அவளைப் படமெடுத்தாள். "நகராட்சியோட ஃபேஸ்புக் பக்கத்துக்குங்க. எவ்ளோ அழகா சிரிக்கிறா பாருங்க!"

ஊஞ்சலை நிறுத்திப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். "வேண்டாங்க, அழிச்சிடுங்க."

"ஏங்க, நல்லாத்தானே..." என்றவளின் பார்வை என் கழுத்தில் இருந்த விரல் தடங்களில் வந்து நின்றது. காலரை இழுத்து மூடிக்கொண்டேன்.

அவள் குரல் இறங்கிவிட்டது. "நேத்து எடுத்ததுலயும் பாப்பா இருக்கா. அதைப் போட்டுட்டேன். இப்பவே எடுத்துடறேன்."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். படத்தின் கீழே, முகப்படம் இல்லாத யாரோ, "இது எந்தப் பார்க்?" என்று கேட்டிருந்தார். தெருப் பெயரோடு இவளே பதிலும் போட்டிருந்தாள்.

கேட்டது, தன் குழந்தையை விளையாடக் கூட்டிவர நினைத்த யாரோ ஒரு தாயாகவும் இருக்கலாம், அக்கா. ஆனால் பெட்டியைக் கட்டிவிட்டேன். எங்கே போகிறோம் என்று உனக்கும் எழுதப் போவதில்லை. உன் வாசலில் வந்து நின்று பாப்பாவின் அப்பா எப்படிக் கேட்டாலும், தெரியாது என்று நீ உண்மையையே சொல்லலாம்.

உன் தங்கை