பேனல் செய்ய எரித்த கரி

ஜூலை 7, திங்கள்
சாரல் இல்லை, வெறும் காற்று. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றதிலேயே சேலை முழுக்க மண்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்ததும் மூக்கு உடைந்தது. பள்ளி மாடியில் சோலார் வைக்கச் சொல்லித் தாளாளரிடம் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு. ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி ஸ்டெல்லா டீச்சர், எல்லார் முன்னாலும்: "மணல உருக்கி சிலிக்கான் எடுக்க எம்புட்டுக் கரி எரிக்காங்க தெரியுமா? அம்புட்டையும் இந்தப் பேனல் என்னைக்கு ஈடுகட்டும்?"

பதில் தெரியவில்லை. பிசிக்ஸ் டீச்சர் நான்! சிரித்து மழுப்பினேன். வெட்கம்.

பல் டாக்டர், புதன் காலை. கல் உப்பு தீர்ந்தது.

ஜூலை 8, செவ்வாய்
நல்ல வெயில். படித்தவரை: பேனல் செய்யச் செலவான மின்சாரத்தை நம் ஊர் வெயிலில் அதுவே ஓரிரு வருடத்தில் கொடுத்துவிடும். பிறகும் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். கரிப்புகையும் அப்படித்தான். நம் கம்பியில் வருவதிலும் கரி மின்சாரம் நிறைய. அதற்குப் பதில் வெயில் மின்சாரம் ஓடஓட, பேனல் செய்ய எரித்த கரியின் கணக்கு கழிந்துகொண்டே வரும்.

சந்தோஷமாக, எங்கள் வீட்டு மாடிப் பேனலின் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். பேனல் மாட்டியவர் சொன்ன மின்சாரத்தில் பாதிகூட இல்லை. மேகமும் இல்லை. எந்த முகத்தோடு கூட்டத்தில் பேசுவது? கேட்டதை நானே வாபஸ் வாங்கிவிடலாமா?

இவரிடம் புலம்பினேன். "பேனலு நல்லாத்தான் இருக்கு. நீ போட்டு நோண்டாத." தறிக்கொட்டகைக்கு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 9, புதன்
பல் பிடுங்கியாச்சு. வழக்கமாக இருட்டும் நேரம்தான் வருவேன், இன்று உச்சிவெயிலில் வீடு. மாடிக்கதவு திறந்து கிடந்தது. ஏறினால், பேனல் முழுக்க வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணி! வெளுத்து அலசி, வரிசையாகக் காயப்போட்டிருக்கிறார் இவர்.

வாயில் பஞ்சோடு கத்தினேன்.

"ஏட்டி, கத்தாத. மாடி பூராம் பேனல மாட்டிட்ட. துணிய எங்க காயப்போட? வலை மாதிரித்தான இருக்கு, வெளிச்சம் உள்ள போகத்தான செய்யும்!"

இருபது வருடமாகப் பேண்டேஜ் நெய்கிறவரின் விஞ்ஞானம். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலித்தது.

ஜூலை 10, வியாழன்
துணி கொல்லைப்புறக் கொடிக்கு மாறியது. பேனலில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை இவரே கழுவினார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

மாலை இன்வெர்ட்டர்: சொன்ன அளவு, முழுசாக! கூடத்தில் நின்று கை தட்டினேன். இவர் எட்டிப் பார்த்து, "துணி காயலயே, அதக் கேட்டியா?"

உப்பு வாங்கியாச்சு.

ஜூலை 11, வெள்ளி
கூட்டம். ஈடுகட்டும், ஆனால் வெயில் படவிட்டால்தான் என்றேன். பேண்டேஜ் கதையையும் சொன்னேன். தாளாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவில்லை. "ஆயுசு முடிஞ்ச பொறவு அந்தக் கண்ணாடியெல்லாம் எங்க போகும்?" சரியான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை, அதையும் சொன்னேன். கடைசியில் பேனலுக்குச் சம்மதம். ஓடிப்போய்த் தெருவில் யாரையாவது கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா டீச்சர். ராஜபாளையம் வந்து நான் இறங்க எழுந்ததும் கையைப் பிடித்தார்.

"சேத்தூர்ல எங்க வீட்டு மாடியில ஒரு மூலையில மட்டும் தென்னமர நிழல் விழுது டீச்சர். ஞாயித்துக்கிழம, சர்ச் முடிஞ்ச பொறவு, செத்த வந்து பாக்கீங்களா?"