‘கடன் வழங்கலாம்’

அன்புள்ள மனைவிக்கு,

உன் தம்பி செய்தது தவறு. அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன்: மூட்டுவலி எப்படி? நான் நலம்.

புது வீட்டுக்குக் கடன் வருமுன்பே, நீங்கள் இருக்கும் நம் வீட்டை விற்க அவன் முன்பணம் வாங்கிவிட்டான். வங்கிக் கடிதத்தில் ‘கடன் வழங்கலாம்’ என்றுதானே இருக்கிறது? வராவிட்டால் நீயும் மகளும் எங்கே போவீர்கள்?

இங்கே நான் வேலை பார்க்கும் பட்டறையில் வெல்டரிடம் சொன்னேன். “அண்ணே, நானும்தான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பத்து வருஷமா சொல்றேன்” என்றான். நானே சிரித்துவிட்டேன்.

வீட்டை வாங்குபவரிடம் தொலைபேசியில் பேசினேன். மூன்று மாதம் பொறுக்கச் சம்மதித்தார். இப்போது நிம்மதி.

பட்டறைக்குப் பழுதுபார்க்க வண்டி வந்துவிட்டது, சுருக்கமாக முடிக்கிறேன். அந்தச் சம்மதத்தைத் தம்பி எழுத்தில் வாங்கட்டும். கடன் உறுதியா என்று மகள் வங்கியில் கேட்கட்டும். அதுவரை நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. பதிலை மட்டும் யாரிடமும் சொல்லி எழுதவைக்காமல் உன் கையாலேயே எழுது. நாலு வரி போதும்.